தும்மலும் இரைப்பும்: ஒரே குழாயின் இரண்டு முனைகள்

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வெயில் 35 டிகிரியைத் தொட்டிருந்தது. மாலை ஆறு மணியை ஒட்டி மேற்கிலிருந்து இடிமழைக் காற்று ஒன்று நகரைக் கடந்தது. வெக்கை மளமளவென்று இறங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதும், வாசலில் நின்று காற்று வாங்குவதும் யாருக்கும் தோன்றுவதுதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்புகள் குவிய ஆரம்பித்தன. மறுநாள் முடிவதற்குள், வழக்கமான எண்ணிக்கையைவிட 3,365 பேர் கூடுதலாக மூச்சுத் தொல்லையோடு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்துவிட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

இதை இடிமழை ஆஸ்துமா என்கிறார்கள். இது புதிதல்ல. 1983இல் பர்மிங்காமிலும், 1987, 1989 ஆண்டுகளில் இதே மெல்பர்னிலும், 1994 ஜூனில் லண்டனிலும் நடந்திருக்கிறது. 2016இல் நடந்தது அளவில் எல்லாவற்றையும் மிஞ்சியது.

வந்தவர்கள் யார் என்று பின்னால் ஆராய்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஆஸ்துமா என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தவர்கள் 28 சதவீதம்தான். ஆனால் மூக்கு ஒவ்வாமை, அதாவது மகரந்தக் காலத்தில் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்புமாக வரும் ஹே ஃபீவர், 87 சதவீதத்தினருக்கு இருந்தது. சும்மா தும்மிக்கொண்டு, வருடா வருடம் வருவதுதானே என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் இரைப்பே அன்றைக்குத்தான் வந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு. மெல்பர்ன் மக்கள்தொகையில் ஆசிய, இந்திய வம்சாவளியினர் சுமார் 25 சதவீதம். அன்று ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் அவர்கள் 39 சதவீதம். இறந்த பத்துப் பேரில் ஆறு பேர். ஆசியாவிலிருந்து அங்கே குடியேறுபவர்களுக்கு, தங்கும் வருடங்கள் கூடக்கூட ஹே ஃபீவரும் கூடுகிறது என்று 1990களிலேயே மெல்பர்ன் ஆய்வுகள் சொல்லியிருந்தன. ஊரில் எனக்கு அலர்ஜியே கிடையாது என்று சொல்லிக்கொண்டு போய் இறங்குபவருக்கு, சில வசந்த காலங்கள் கழித்துத் தும்மல் தொடங்கும். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை விட்டுவிடுவார்கள்.

சரி, தும்மல்காரர்களுக்கு ஒரே மாலையில் இரைப்பு எப்படி வந்தது?

மெல்பர்னைச் சுற்றி மேய்ச்சல் நிலங்களில் ரை புல் நிறைய. அதன் மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 மைக்ரான் பருமன் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பத்து மைக்ரானுக்கு மேலிருப்பதைப் பெரும்பாலும் மூக்கே பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் சாதாரண நாட்களில் இந்த மகரந்தம் தும்மலோடு போய்விடுகிறது. ஈரம் பட்டால் கதை மாறுகிறது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப்போல, துகள் வெடித்து உள்ளிருக்கும் மாவுமணிகள் வெளியே வருகின்றன. ஒரு துகளுக்குள் எழுநூறு வரை இருக்கலாம், ஒவ்வொன்றும் மூன்று மைக்ரானுக்கும் குறைவு. ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் அவற்றிலேயே இருக்கிறது என்பதை மெல்பர்ன் விஞ்ஞானிகள் 1992இலேயே காட்டியிருந்தார்கள். புயல் மேகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் காற்று இந்தப் பொடியைத் தரைமட்டத்தில் பரப்பியது. மூக்கு என்ற காவலைத் தாண்டி அது நேரே சின்ன மூச்சுக்குழாய்கள் வரை போனது.

அந்த நுரையீரல்களுக்கு இந்தப் பொருள் இவ்வளவு மொத்தமாக அதற்கு முன் வந்ததே இல்லை. இருந்தும் நிமிடக் கணக்கில் இறுகிவிட்டன. அப்படியென்றால் அவை ஏற்கெனவே தயாராக இருந்திருக்கின்றன. ஒவ்வாமை மூக்கில் மட்டும் இருக்கவில்லை, உடம்பு முழுக்க இருந்தது. மூக்குக்கு அந்தப் பொருள் தினமும் போய்ச் சேர்ந்ததால் மூக்கு மட்டும் அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு அந்தந்தப் பொருளுக்கென்று ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கிறது. அது ரத்தத்தில் சுற்றி, ஒவ்வாமை ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது. மூக்கின் உள்சவ்விலும் மாஸ்ட் செல் உண்டு, மூச்சுக்குழாயிலும் உண்டு. பொருள் வந்து பட்டதும் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைக் கொட்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக இயோசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேரும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘ஈஸ்னோபில் கூடியிருக்கு’ என்பார்களே, அதே செல்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகி ரத்தம் வழியாக வருகிற செல் என்பதால், மூக்குக்கென்று கூப்பிட்டாலும் நெஞ்சுக்கும் போகும்.

இதை நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு குழு நேரடியாகச் சோதித்தது. மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ள, ஆஸ்துமா இல்லாத ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். மூக்கைத் தொடாமல், குழாய் விட்டு நுரையீரலின் ஒரு பகுதியில் மட்டும் ஒவ்வாமைப் பொருளைத் தெளித்தார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மூக்கின் சவ்வில் இயோசினோஃபில்கள் கூடியிருந்தன. தும்மலும் மூக்குத் தொல்லையும்கூட வந்திருந்தன. பிறகு திருப்பிச் செய்தார்கள்: மூக்கில் மட்டும் பொருளை வைத்தபோது மூச்சுக்குழாய்ச் சவ்வில் அழற்சியின் தடயங்கள். 2000, 2001 ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளுக்குப் பிறகு, மூக்குச் சளி தொண்டை வழியாக நெஞ்சில் இறங்கித்தான் ஆஸ்துமா வருகிறது என்ற பழைய விளக்கம் வலுவிழந்துவிட்டது. நெஞ்சிலிருந்து மூக்குக்குச் சளி ஏறாதே! மூக்கடைத்து வாயால் மூச்சு விடும்போது வடிகட்டாத, வறண்ட காற்று உள்ளே போவது உண்மை. மூக்கிலிருந்து நெஞ்சுக்குப் போகும் நரம்பு வழி அனிச்சைத் தூண்டல் பற்றியும் பேசுகிறார்கள். ஆனால் முதல் வழி ரத்தம்தான் என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் ஏன் ஒன்று தும்மலாகவும் இன்னொன்று இரைப்பாகவும் தெரிகிறது? சவ்வு ஏறக்குறைய ஒன்றுதான்: நுண்மயிர்கள் கொண்ட அதே வகைச் செல்கள், அதே சளிச் சுரப்பிகள். வித்தியாசம் சவ்வுக்கு அடியில். மூக்கில் ரத்தம் தேங்கி உப்பக்கூடிய நாளங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அழற்சி வந்தால் அவை ரத்தத்தால் நிரம்பி வீங்கும், மூக்கு அடைக்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியிருப்பது மெல்லிய தசை. அழற்சி வந்தால் அது இறுகும், வீசிங் வரும். இன்ஹேலரில் அடிக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும் மருந்து. அதனால்தான் நெஞ்சை உடனே திறக்கிற அது மூக்கடைப்பை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. நெஞ்சுக்கு இன்ஹேலர், மூக்குக்கு ஸ்ப்ரே. பல நேரம் ஒரே மருந்துதான், டப்பா வேறு.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோயை முதலில் எழுதிவைத்தவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் பார்த்தார்கள். லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் 1819இல் தன் சொந்த நோயையே ஒரு மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். ‘கண்களையும் நெஞ்சையும் பருவந்தோறும் தாக்கும் நோய்’ என்பது கட்டுரையின் தலைப்பு. கண் எரிச்சல், அடுக்குத் தும்மல், அப்புறம் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என்று வரிசையாக எழுதியிருக்கிறார். மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளாக்லி, இவரும் நோயாளிதான், பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் தகடு கட்டிப் பறக்கவிட்டு மகரந்தம் பிடித்தார். தன் மூக்கிலேயே அதை வைத்துப் பார்த்தார். 1873இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஹே ஃபீவர், ஹே ஆஸ்துமா இரண்டும் உண்டு. பிறகு மருத்துவம் துறை துறையாகப் பிரிந்தது. மூக்கு ஈ.என்.டி. பக்கம் போனது, நெஞ்சு நுரையீரல் மருத்துவர் பக்கம் போனது. திரும்ப ஒட்டவைக்க 1999 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த ஒரு பயிலரங்கில் ‘அரியா’ என்ற வழிகாட்டுதல் உருவாகி 2001இல் வெளியானது. அதன் சாரம் இரண்டு வரிதான்: மூக்கு ஒவ்வாமை தொடர்ந்து இருப்பவரிடம் ஆஸ்துமா இருக்கிறதா என்று பாருங்கள், ஆஸ்துமா உள்ளவரிடம் மூக்கைப் பற்றிக் கேளுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்குத் தொல்லையும் இருக்கிறது. சில கணக்குகளில் 80 சதவீதம் வரை. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பது 10இலிருந்து 40 சதவீதம் வரை. இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்களை 23 வருடங்கள் தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. ஆரம்பத்தில் மூக்கு ஒவ்வாமை இருந்தவர்களில் 10.5 சதவீதத்தினருக்குப் பின்னால் ஆஸ்துமா வந்தது, இல்லாதவர்களில் 3.6 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்து. ஆனாலும் தும்மிய பத்தில் ஒன்பது பேருக்கு வரவேயில்லை. தும்மலை அலட்சியப்படுத்தாதே என்று சொல்ல வந்த கட்டுரைகள் இந்த ஒன்பது பேரை மறந்துவிடுவது வழக்கம்.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே ரை புல் பருவமும் இல்லை, மகரந்த எச்சரிக்கையும் இல்லை. நமக்குப் பெரிய வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, ஈரப்பதத்தில் செழிக்கும் உயிரி அது. கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்கு விருந்து. கூடவே கரப்பான் பூச்சி. மகரந்தம் பருவத்துக்குத்தான் வரும். உண்ணி வருடம் முழுக்க இருக்கும். அதனால் நம் நோயாளிக்கு ‘இந்த மாதம் வந்தது’ என்ற தெளிவே கிடைப்பதில்லை. விடிகாலையில் எழுந்ததும் அடுக்காகப் பத்துத் தும்மல், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். போர்வையை உதறினால், பரணிலிருந்து பெட்டியை இறக்கினால், பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்தால் மறுபடி. கேட்டால் ‘எனக்கு சைனஸ்’ என்பார்கள். சிலருக்கு மூக்குத் தண்டு வளைவை நேராக்கும் ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும். வளைவு நேரானாலும் ஒவ்வாமை அப்படியே இருக்கும். தும்மல் தொடரும்போது ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த ‘சைனஸ்’காரரிடம் நெஞ்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவை எளிமையானவை. இரவு இரண்டு, மூன்று மணிக்கு இருமி எழுகிறீர்களா? வாய்விட்டுச் சிரித்தாலோ மாடிப்படி ஏறினாலோ இருமல் வருகிறதா? சளி பிடித்தால் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போவது உங்களுக்கு மட்டும் நெஞ்சில் இறங்கி ஒரு மாதம் நிற்கிறதா? சாம்பிராணி, கொசுவத்திப் புகை நெஞ்சை அடைக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பையன் என்றால், விளையாட்டு பீரியடில் பாதியில் வந்து உட்கார்ந்துவிடுகிறானா? ஆம் என்று பதில் வந்தால் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும். ஊதிவிட்டு, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை இழுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், பெரியவர்களுக்கு ஆஸ்துமா என்று சந்தேகிக்க அது நல்ல ஆதாரம். ஒரே முறை இயல்பாக வந்துவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. நல்ல நாளில் நல்ல ஊது வரும், அதுதான் இந்த நோயின் குணம்.

மூக்கைச் சரி செய்தால் ஆஸ்துமா சரியாகிவிடுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ‘ஒரே குழாய்’ என்ற கருத்தில் மயங்கியவர்கள் ஆம் என்று சொல்லத் துடிப்பார்கள். சான்று அவ்வளவு தாராளமாக இல்லை. மூக்குக்கு ஒழுங்காக மருந்து எடுக்கும் ஆஸ்துமா நோயாளிகள் அவசர சிகிச்சைக்கு வருவது குறைவு என்று பழைய கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் ஒழுங்காக மூக்கு மருந்து எடுப்பவர் இன்ஹேலரையும் ஒழுங்காக எடுப்பவராகத்தான் இருப்பார் இல்லையா? சரியாகக் கட்டுப்படாத ஆஸ்துமாவோடு மூக்குத் தொல்லையும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2015இல் வெளியான சோதனையில், பாதிப் பேருக்கு 24 வாரம் மோமெடசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஸ்ப்ரே. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் வித்தியாசம் இல்லை. ஆகவே மூக்கு ஸ்ப்ரே மூக்குக்குத்தான். நெஞ்சுக்கு இன்ஹேலர் தனியாக வேண்டும். மூக்கு சுகமானால் தூக்கம் வரும், படிப்பும் வேலையும் ஓடும். அது போதாதா?

இரண்டையும் ஒரே அடியாகத் தொடுவது ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் இம்யூனோதெரபி. இதுவும் பழைய யோசனைதான், லண்டனில் லெனார்ட் நூன் 1911இல் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கியது. மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வருடம் ஊசி போட்டு, தொடங்கியதிலிருந்து பத்து வருடம் கழித்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில், ஊசி போட்டவர்களில் 25 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 45 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா வந்திருந்தது. ஆனால் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு செய்த பெரிய ஆய்வு 2018இல் வந்தபோது, ஆஸ்துமா வரும் காலத்தைத் தள்ளிப்போடுவது என்ற முக்கிய இலக்கு நிறைவேறவில்லை. அறிகுறிகளும் மருந்துத் தேவையும் குறைந்தன, அவ்வளவுதான். தூசி உண்ணி மாத்திரை, பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரைக் குறைக்கும்போது ஆஸ்துமா முற்றுவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2016இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. ஆனால் கடுமையான, கட்டுமீறிய ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது. இரைத்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வாமைப் பொருளை உள்ளே கொடுப்பது ஆபத்து.

நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது வேறொன்று: மாண்டெலுகாஸ்டும் லீவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரை. ஒரே மாத்திரை மூக்குக்கும் நெஞ்சுக்கும் கேட்கும் என்பது அதன் கவர்ச்சி, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மாண்டெலுகாஸ்டால் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் போட்டது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. குழந்தை ராத்திரி அலறி எழுந்தால், மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும் என்று யார் சொல்வது?

மூக்கடைப்புக்கு விற்கும் ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் இன்னொரு பொறி. நாளங்களைச் சுருக்கி நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி சொட்டு வேண்டும். சொட்டுப் பாட்டில் இல்லாமல் வெளியூர் போகாதவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் பயப்படுவதென்னவோ அதைப் பார்த்துத்தான்.

அதை அடிக்கும் முறையையும் பெரும்பாலும் யாரும் காட்டித் தருவதில்லை. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, லேசாகக் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்தால் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதை நோக்கும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும், ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அடித்ததும் உறிஞ்சி இழுக்க வேண்டாம், மருந்து தொண்டைக்குப் போய் வீணாகும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாள் கேட்கவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்ட ஸ்ப்ரே எத்தனை வீட்டில் காலாவதியாகிக் கிடக்கிறதோ! இன்ஹேலர் ஏற்கெனவே எடுப்பவர் என்றால், மூக்குக்கும் நெஞ்சுக்கும் சேர்ந்து மொத்த ஸ்டீராய்டு எவ்வளவு என்பதை ஒரே டாக்டர் பார்க்கும்படி இரண்டு சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போவது நல்லது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு.